காய்ச்சல் கண்ட கல்

நவம்பர் 14, வெள்ளி. மைசூர்

மத்தியானத்திலிருந்து தூறல். துவைத்தது ஒன்றும் காயவில்லை. ராத்திரி உடுப்பி பஸ். நாளை மல்பெ கடற்கரையிலிருந்து ஒரு தீவுக்கு ஒரு நாள் டூர். எங்களுக்கு மட்டும் தனிப் படகு, தனி கைடு. அருளின் ஆபீஸ் நண்பர் ஏற்பாடு.

பையில்: தெர்மாமீட்டர், காய்ச்சல் சிரப், வெள்ளைத் துணி, ஜெனிக்கு ஸ்வெட்டர்.

போன வருடம் காய்ச்சலில் அவளுக்கு வலிப்பு வந்ததிலிருந்து இவை இல்லாமல் நான் மார்க்கெட்டுக்குக்கூடப் போவதில்லை. இப்போது நாலு வயது. ஆறு தாண்டினால் பயமில்லை என்கிறார் டாக்டர். ஆறு வரைக்கும்?

அருள், என் பையைப் பார்த்து: "ஸ்டெல்லா டாக்டர், கட்டிலையும் மடிச்சு வெச்சுக்கோங்க."

சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 15, சனி. உடுப்பி, லாட்ஜ்

ஜெ. தூங்குகிறாள். எழுதிவிட்டால் எனக்கும் தூக்கம் வரலாம்.

காலையிலிருந்தே மேகம், ஈரக் காற்று. வெயில் துளிகூட இல்லை. தீவு முழுக்க ஆறு பக்கக் கல்தூண்கள், யாரோ வெட்டி அடுக்கியது போல. எரிமலைக் குழம்பு ஆறும்போது இப்படி விரிசல் விட்டதாம். கைடு சுகேஷுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். வரும் குழந்தைகளையெல்லாம் கடலோரம் ஒரு குட்டைக் கல்லில் உட்காரவைத்து போட்டோ எடுப்பது அவர் வழக்கம். ஜெ.யையும் உட்காரவைத்தார்.

உடனே எழுந்துவிட்டாள். நான் அவள் நெற்றியில் வைப்பது போலவே புறங்கையைக் கல்மேல் வைத்தாள்.

"அம்மா, கல்லுக்கு ஜ்வரா." காய்ச்சலுக்கு ஸ்கூலில் கற்ற கன்னடம்.

தொட்டேன். சுட்டது. பக்கத்துக் கல் சில்லென்றிருந்தது. தெர்மாமீட்டரை எடுத்து வைத்தே பார்த்துவிட்டேன். 102.

அருள்: "கல்லுக்கும் செக்கப்பா? பேட்டரி போயிருக்கும், விடு."

சுகேஷ்: "இதெல்லாம் மனுஷன் வர்றதுக்கு முன்னாடியே ஆறிப்போச்சு மேடம்." சொல்லிக்கொண்டே தொட்டார். கையை இழுத்துக்கொண்டார். "பேடா, வேண்டாம் மேடம். இங்க போட்டோ வேண்டாம். படகுக்குப் போலாம்."

பையை எடுக்கத் திரும்பினால் ஜெ. கையில் சிரப் பாட்டில். மூடி இல்லை. கல்மேல் ரோஸ் கலரில் மருந்து. முழுக்க ஊற்றியிருக்கிறாள்.

"குடிச்சிருச்சும்மா."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் உலர்ந்துவிட்டது.

படகு பாதி வழி வந்ததும் என் மடியில் அவள் கொதித்தாள். கண் மேலே செருகியது. 102. பாட்டில் காலி. துணியைக் கடல்நீரில் நனைத்து, பிழிந்து, மறுபடி நனைத்து. அருள் "ஏசுவே, ஏசுவே" என்றபடியே இருந்தான். சுகேஷ் கரைப் பக்கம் பார்க்கவே இல்லை, தீவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கரை தொடும் முன் சூடு இறங்கிவிட்டது. வலிப்பு வரவில்லை. கிளினிக்கில் டாக்டர் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலே இல்லையேம்மா" என்றார்.

ஸ்தோத்திரம்.

நவம்பர் 16, ஞாயிறு. பஸ்ஸில்

சுகேஷ் அருளுக்கு போன் செய்தார். பாப்பா எப்படி என்று. இன்று வேறு குடும்பத்தைக் கூட்டிப் போனாராம். "கல்லு இப்ப சில்லுன்னு இருக்கு. மேடம்கிட்ட சொல்லுங்க."

அருளுக்கு நிம்மதி. எனக்கு ஏனோ இல்லை.

நவம்பர் 18, செவ்வாய். மைசூர்

ஜெ.யை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் தொட்டால் கல் போலச் சில். உள்ளங்கை, வயிறு, கழுத்து, எங்கே தொட்டாலும். ஸ்வெட்டர், இரண்டு போர்வை, சுடுதண்ணீர்ப் பை. தெர்மாமீட்டர் எப்போதும் போல 98 காட்டுகிறது. என் கைக்கு அப்படித் தெரியவில்லை.

அருள்: "ஒரு வருஷமா சூடு சூடுன்னு உயிரை வாங்கினே. இப்ப கூலா இருந்தாலும் குத்தமா?"

"ஒரு தடவை தொட்டுப் பாரு."

தொட்டான். போய் இன்னொரு போர்வை எடுத்து வந்தான்.

இன்று ஜெபத்தில் அவளுக்குக் காய்ச்சல் கேட்டேன். கொஞ்சமாவது.