சோலைக்குள் நிற்காதீர்கள்

2071 ஜூன் 9, காலை 7.10. கரடிச்சோலை முகாம்

மழை விட்டிருக்கிறது. மரங்களின் நீரோட்டத்தை அளக்கும் கருவிகள் அனைத்தும் இயங்குகின்றன. இந்தப் பருவக் களப்பணிக்கு முன்கூட்டியே வந்திருப்பவர்கள் இருவர்: ஆய்வு மாணவி ஷைனியாகிய நான், முதுகலை படிக்கும் நவாஸ். மற்ற மாணவர்கள் நாளை மறுநாள் ஜீப்பில் வருகிறார்கள். நவாஸ் ஓயாமல் பாடுகிறான். பறவைக் கணக்கெடுப்பு கெடுகிறது.

ஜூன் 10, காலை 11.40

மேல்சரிவு மரங்கள் நீர் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டன. எல்லாம் ஒரே நேரத்தில். இப்போது நீர் கீழே, வேருக்கே திரும்புகிறது. கருவிக் கோளாறாக இருக்கும் என்று நவாஸ் பார்க்கப் போயிருக்கிறான்.

பிற்பகல் 1.15

வாக்கிடாக்கியில் நவாஸ்: "அக்கா, கருவி நல்லாத்தான் இருக்கு. மண்ணுதான் வெதுவெதுன்னு இருக்கு. கால எடுக்க வரல."

சிரித்தேன்.

"சிரிக்காதீங்கக்கா. நெசமாத்தான் சொல்றேன்."

மாலை 4.30

முடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள். மேல்சரிவில் நிற்கும் நவாஸின் பூட்ஸைத் துளைத்து முழங்கால்வரை ஏறியிருக்கின்றன. வேரோடு வாழும் பூஞ்சைதான், பாடத்தில் படித்ததுதான். இப்படிப் படித்ததில்லை. கத்தியால் அறுத்தேன். அறுக்க அறுக்க அவன் நாடி இறங்கியது. "வேணாங்கக்கா, மூச்சு முட்டுது." நிறுத்தினேன். நாடி திரும்பியது.

என் பூட்ஸிலும் ஓர் இழை. உதறினேன். நடந்தால் பிடிப்பதில்லை, நின்றால்தான். அவனைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். "செக்குமாடு மாதிரி இருக்கீங்க" என்கிறான். தண்ணீர் கொடுத்தேன்.

ஜூன் 11, காலை 6.20

செயற்கைக்கோள் போன் செத்துவிட்டது. இரவு முழுக்கச் சுற்றி நடந்ததில் என் கால் தாங்கவில்லை. நவாஸின் உதடு வெளுத்திருக்கிறது. அவன்தான் சொன்னான்: "பசங்க வந்தா என்னையக் காப்பாத்துறேன்னு சுத்தி நின்னுருவாங்க. கீழ போய்த் தடுங்கக்கா." மனம் வரவில்லை. புதிதாக ஏறும் இழையை மட்டும் அறுக்கட்டும் என்று கத்தியை அவன் கையில் கொடுத்தேன். "போய்ட்டு வர்றேன்டா" என்றேன். தலையாட்டினான்.

காலை 9.05. மண்சாலை

வாக்கிடாக்கி இந்த வளைவில் மட்டும்தான் எடுக்கிறது. ஓரடி நகர்ந்தாலும் இரைச்சல். அதனால் நின்றேன். "மேல வராதீங்க, திரும்பிப் போங்க" என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

ஜீப்பிலிருந்து பதில் வந்தது: "ஷைனிக்கா, ஒண்ணுமே கேக்கல. வந்துட்டே இருக்கோம். உங்களுக்கும் நவாஸுக்கும் இட்லி வாங்கியிருக்கோம்."

காலை 9.20. குரல்பதிவு

வலது கால் வரவில்லை. இடதும்.

ஜீப் சத்தம். குனிந்து ஒளிந்தால் நேரே மேலே போய்விடுவார்கள், நவாஸிடம். கை காட்டினால் எனக்காக இறங்குவார்கள். எது செய்தாலும்...

இதைக் கேட்பவர்களே, நிற்காதீர்கள். யாருக்காகவும். நடந்துகொண்டே

வந்துவிட்டார்கள். கையசைக்கிறார்கள். "எறங்காதீங்க! வண்டியத் திருப்புங்க! எறங்காதீங்கடா!"

"அக்கா, கால்ல என்னாச்சு? இருங்க, இருங்க, வர்றோம்..."

கதவு திற