வியாழக்கிழமை ஊசி

குஹ்மோ, பின்லாந்து, நவம்பர் 1974

அன்புள்ள ரைமோ அண்ணாவுக்கு,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே மூவரும் இருக்கிறோம், அவ்வளவுதான் எழுத முடிகிறது. அம்மா சொல்லச் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். ஸ்வீடனில், அந்தக் கோத்தன்பர்க் குளிரை நம்பாதே, உள்சட்டை போடு, கார் தொழிற்சாலையில் கையுறையைக் கழற்றாதே. அவளே எழுதுவாள், ஆனால் எழுத உட்கார வேண்டுமே. இப்போதும் சமையலறையில் நடந்துகொண்டுதான் இருக்கிறாள், நான் போர்வைக்குள் டார்ச்சோடு அதைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். அப்பா பார்த்தால் இதை அடுப்பில் போட்டுவிடுவார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையால் அம்மாவுக்குக் குரல்கள் கேட்பது நின்றது உண்மை. ஆனால் அதன்பிறகு கால் அடங்கவில்லை. சனிக்கிழமை சவுனாவில், நீராவிக் குளியலுக்குப் பலகையில் உட்கார்ந்தவள், சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுவதற்குள் இறங்கிக் கதவுக்கும் அடுப்புக்கும் நடக்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு ஹில்க்கா அத்தை, “ஏண்டி, குளிக்க வந்தியா, சந்தை சுத்த வந்தியா?” என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து அழுதாள். “தலை அமைதியாத்தான் இருக்கு இர்மெலி, காலுதான் விடமாட்டேங்குது” என்றாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள். அவர் நோய் முற்றுகிறது என்று மாத்திரையைக் கூட்டினார், நடை அதிகமாயிற்று. அப்பா மரம் வெட்டப் போயிருந்தபோது அவள் மாத்திரையைத் துப்பிவிட்டாள், எனக்குத் தெரியும். கால் அடங்கியது, உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். பிறகு சுவரைப் பார்த்துப் பதில் பேச ஆரம்பித்தாள். எது நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை அண்ணா.

துப்பியது அப்பாவுக்குத் தெரிந்து, மாத்திரைக்குப் பதில் வியாழக்கிழமை ஊசி என்று முடிவாகிவிட்டது. அது உடம்பில் வாரக்கணக்கில் நிற்குமாம், கால் துடித்தாலும் வெளியே எடுக்க முடியாதாம். “மாத்திரைன்னா துப்பலாம், ஊசியை எப்படித் துப்புறது?” என்று அம்மா என்னையே கேட்கிறாள். நேற்று, “இப்படி நடக்கறதுக்கு நான் இல்லாமலே போயிடலாம்” என்றாள். நான் வெளிக்கதவுக்குக் குறுக்கே மெத்தை போட்டுப் படுக்கிறேன். மருந்தால்தான் கால் இப்படி ஆகிறது என்று நான் டாக்டரிடம் சொன்னதற்கு, “நீ போய்ப் பாடத்தைப் படிம்மா” என்றார். நீ பெரியவன், நீ சொன்னால் கேட்பார். ஆனால் தபால் உன்னிடம் வருவதற்குள் வியாழக்கிழமை போய்விடும்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும் என்று அம்மா தினமும் சொல்கிறாள். மறக்காமல் ஹில்க்கா அத்தை வீட்டுக்கு டெலிபோன் செய். ஊசியைத் தடுக்க முடியாது, தெரியும். அம்மாவிடம் பேசு, அவள் பேச்சை நடுவில் விட்டு நகர்ந்தால் கோபப்படாதே, போனை வைத்துவிடாதே, திரும்பி வருவாள்.

அம்மாவுக்காகவும்,
உன் தங்கை இர்மெலி