உடைக்காத நூடுல்ஸ்

அன்புள்ள அம்மா,

நான் நலம். நீயும் உன் முழங்கால் வலியும் சுமுகமாக இருக்கிறீர்களா?

ஞாயிறு மதியம், அப்பா இறந்த பிறகு முதல் முறையாக, அவர் பாணியில் சீன நூடுல்ஸ் செய்தேன். புகை அலாரம் அடித்து, கட்டடமே தெருவில் இறங்கி நின்றது. பயப்படாதே, கருகியது முட்டைக்கோஸ் மட்டும்தான்.

பாத்திரம் சிறியது என்று நூடுல்ஸைப் பாதியாக உடைக்கப் போனேன். "உடைக்காதடா! சீனாக்காரன் கணக்குல நூடுல்ஸ் நீளம்தான்டா ஆயுசு" என்று பின்னால் அப்பா குரல் கேட்டது. திரும்பினால் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அது இன்னும் ஏதாவது சொல்லுமா என்று நின்றதில்தான் கோஸ் கருகியது. மேசையில் நம் வீட்டு ஞாயிறு வழக்கம்போல நான்கு தட்டு வைத்திருந்தேன்.

அப்பாவின் அகன்ற பாத்திரத்தை அனுப்பு. இங்கே கடையிலும் கிடைக்கும், அது வேண்டாம்.

இன்னொன்று. அவருடைய கடைசி ஞாயிறன்று, அவர் வெங்காயத்தாள் வாங்கப் போயிருந்தபோது, நூடுல்ஸை வேகப்போட்டது நான். தட்டுக்கு வந்தபோது எல்லாம் துண்டு துண்டாக இருந்தது. அவர் அதையே சாப்பிட்டு முடித்தார். அந்தப் பாக்கெட் கடையிலேயே உடைந்துதானே வந்தது?

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. உனக்கு நினைவில்லாவிட்டாலும் ஆமாம் என்றே எழுதிவிடு.

உன் மகன்