மேட்டில் நின்ற லோரி

என் பிரியத்துக்குரிய அந்தோணி மச்சான்,

அக்காவும் பிள்ளைகளும் அதே தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகக் கேட்பீர்கள்.

நீங்கள் ஓட்டிய லோரியை இப்போது நான் ஓட்டுகிறேன். தோட்டத்தில் லைசென்ஸ் உள்ளவன் வேறு யார்? "போலீஸே ஓட்டிப் பாத்த லோரி, ஒரு கோளாறும் இல்ல, எடுத்துக்கோ" என்று கிராணி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுச் சாவியை நீட்டினார். அந்த வார்த்தைதானே உங்களைச் சாய்த்தது?

கோளாறு இல்லாத லோரி, அரிசி மூட்டைகளோடு, காட்டோர மேட்டில் ஏன் நின்றது? துப்பாக்கியோடு காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் மூட்டைகளைத் தூக்கிப்போன பிறகு எப்படி ஒழுங்காக வீடு வந்தது? நீங்களே நிறுத்திக் கொடுத்தீர்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். போலீஸில் இரண்டு வாரம் அடைத்து வைத்து, சாட்சி இல்லை என்று விட்டார்கள். காய்ச்சலோடு வந்தீர்கள். அது உங்களோடுதான் போனது.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. நீங்கள் படுத்திருந்தபோது, "உண்மையச் சொல்லுங்க மச்சான், நீங்களா நிறுத்துனீங்க?" என்று கேட்டேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மறுநாள் நீங்கள் இல்லை. ஊரார் கேட்டது ஒரு பக்கம், நான் கேட்டிருக்க வேண்டுமா?

முதல் சில வாரம் சமதரையில் லேசான சுமைதான் ஏற்றினேன். லோரி நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு மத்தியானம், உர மூட்டைகளோடு அதே மேட்டில் ஏறினேன். பாதியில் எஞ்சின் அலறியது, சக்கரம் ஏறவில்லை. மிதித்தால் சத்தம்தான் கூடியது. கருகல் வாடை வந்தது. லோரி நின்றுவிட்டது. இடது கைப்பக்கம் காடு. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கியரைப் போட்டேன், ஒன்றுமே நடக்காததுபோல ஏறியது.

உங்களுக்கு நடந்தது என்னவென்று அங்கேயே தெரிந்துவிட்டது, மச்சான். ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? உங்கள் மைத்துனன் அல்லவா?

டவுன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் லோரியை முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சு, மொத்தமா மாத்தணும்லா" என்றார். "அப்போ ஆறுனா மட்டும் எப்படி ஓடுது?" என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரவாங் சாலையில் ஓட்டும் லோரிக்காரர்களை விசாரித்தேன். எல்லோரும் சுங்கை சோவில் இருக்கிற ஆ கியோங்கைத்தான் சொன்னார்கள். சின்னப் பட்டறை. சீனர், என்னோடு மலாயில்தான் பேசினார். லோரியைத் தொடுவதற்கு முன் கேள்வியாகக் கேட்டார். சுமை இருந்ததா? காலையா, மத்தியானமா? எஞ்சின் சத்தம் ஏறியதா, இறங்கியதா? கியர் சுலபமாக விழுகிறதா? சுலபமாக விழுகிறது என்றேன். "அப்படியானால் கியர் பெட்டியை விடு, கிளட்சைப் பார்ப்போம்" என்றார்.

கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டார். எஞ்சின் திணறி அணைந்தது. பிடிமானம் சரியாக இருந்தால் அப்படித்தான் அணைய வேண்டுமாம். பிறகு சுமையோடு ஒரு சரிவில் ஏற்றி இறக்கி, நன்றாகச் சூடாக்கிவிட்டு, அதையே மறுபடி செய்தார். இந்தத் தடவை எஞ்சின் அணையவில்லை. தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. சூடானால் கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போலீஸ் ஓட்டிப் பார்த்ததோ, மூட்டைகள் போன மறுநாள் காலையில், சூடு ஆறிய வெறும் லோரியை.

உடனே பிரிக்கலாம் என்றவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். தோட்டத்துக்கு வந்து மானேஜர் துரை முன்னால் செய்து காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் மனைவி உள்ளேயிருந்து பதறிப்போய் ஏதோ சொன்னாள். காட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் சீனர்கள் என்று போலீஸ் எல்லாச் சீனரையும் சந்தேகிக்கிற இந்தக் காலத்தில், போலீஸ் கேஸில் ஒரு சீனர் வாய் திறப்பதென்றால் சும்மாவா? அவர் கையிலிருந்த ஸ்பானரைப் பெட்டியில் போட்டார். "லோரி என்ன செய்ததோ அதைத்தான் சொல்லப்போகிறேன்" என்று எழுந்தார்.

மறுநாள் சுமையோடு தோட்டத்துக்கு வந்தோம். சூடு ஆறுவதற்குள் ஆபீஸ் வாசலில், துரையும் கிராணியும் பார்க்க, அதே சோதனையைச் செய்தார். எஞ்சின் அணையவில்லை. பிறகு அங்கேயே பிரித்தார். கியர் பெட்டியின் எண்ணெய் கசிந்து கிளட்ச் தட்டு முழுக்க ஊறியிருந்தது. துரை அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். "மாசக்கணக்காக" என்றார் ஆ கியோங்.

துரை போலீசுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு முன், கிராணி எல்லோருக்கும் சொன்னார்: "அந்தோணி மேல ஒரு குத்தமும் இல்ல. லோரிதான் நின்னுச்சு, அவரு நிறுத்தல."

அக்கா ரப்பர் பால் வாளியோடு முன்வரிசையில் நின்றாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஐயா, இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது."

கிராணி தொப்பியைக் கழற்றிவிட்டு, மறுபடியும் உரக்கச் சொன்னார்.

மச்சான், இனி இந்தத் தோட்டத்தில் யார்மேல் பழி விழுந்தாலும், கேள்வி கேட்பதற்கு முன் அவன் பக்கத்தில் போய் உட்காருவேன். உங்களுக்குச் செய்யாததை அவனுக்குச் செய்வேன். இது சத்தியம்.

உங்கள் மனைவியின் தம்பி, உங்களிடம் அப்படிக் கேட்டவன்,
செபஸ்தியான்