காற்று அடங்குவதற்கு முன்

அன்புள்ள நெட்டையனுக்கு,

உனக்கு அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லையே? முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உன் அம்மா நன்றாக இருக்கிறார். எங்கள் முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலை அவருக்குப் போட்டிருக்கிறோம். இருமல் குறைந்துவிட்டது. போனில் நான் சொன்னதெல்லாம் உண்மைதான். சொல்லாமல் விட்டதற்குத்தான் இந்தக் கடிதம். உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புயல் வருவதற்கு முன்பே மழை விடாமல் கொட்டியது. ஆற்று வெள்ளம் முழுக்க ஏரிக்கு வந்தது. முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லை. வடகரையில் எங்கள் சமையலறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மகளை மேஜைமேல் உட்கார வைத்திருந்தோம். மேட்டை வெட்டிவிட்டால் ஏரி வடிந்துவிடும் என்று தெருவே என் வாசலில் வந்து நின்றது. பொக்லைன் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தானே. காற்று அடங்கும்வரை மேட்டைத் தொடாதே என்று எங்கள் பொதுப்பணித்துறைப் பொறியாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். "அவருக்கென்ன, மாடியில உக்காந்துக்கிட்டு சொல்வாரு. உன் புள்ள நனையுதே, உனக்கு உறைக்கலையா?" என்று மளிகைக்கடைக்காரர் சத்தம் போட்டார். என் மனைவி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

போய் வெட்டினேன். ஏரி வடியவில்லை, கடல்தான் உள்ளே வந்தது. நான் போட்ட சின்ன வாய்க்காலை அலைகள் அகலமாக்கிக்கொண்டே போயின. வாடைக்காற்று அத்தனை தண்ணீரையும் தென்கரைப் பக்கம் தள்ளியது. எங்கள் வீட்டில் அதற்குமேல் ஏறவில்லை. தென்கரையில் உங்கள் வீடு ஜன்னல்வரை முழுகிவிட்டது.

படகை எடுத்துக்கொண்டு ஓடினேன். துணி வெட்டும் மேஜைமேல் உன் அம்மா நின்றிருந்தார், தைத்து முடித்த பள்ளிச் சீருடை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு. "முதல்ல இதை வாங்குப்பா, பசங்களுக்குப் போட்டுக்க வேற கிடையாது" என்றார். தையல் மெஷின் சேற்றோடு போயிற்று. மறுநாள் உங்கள் பின்சுவர் சாய்ந்தது.

அதன்பிறகு யார் பார்க்க வந்தாலும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் வரலைன்னா நான் இல்ல" என்பார். எனக்குச் சாப்பாடு இறங்காது. தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் அதில் பங்கு இருந்ததே.

நேற்று என்னால் முடியவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். கை அப்படியே நின்றது. ஒன்றே ஒன்று கேட்டார்: "வெட்டறப்போ கடல் பக்கம் திரும்பிப் பாத்தியா?"

மழையில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "பாத்தேம்மா. ஏரியவிட ஒசரமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

மீதியைச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்று காலை என் மனைவி கொடுத்ததை வாங்கிக்கொண்டார், என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொள்வேன். போக வேறு இடமில்லாததால் என் வீட்டில் சாப்பிடுகிறாரே, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

பொறியாளரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது பெரிதில்லை.

லீவு கிடைக்காது என்பாய். எப்படியாவது கேட்டு வாங்கிக்கொண்டு வாடா. என்னை என்ன கேட்க வேண்டுமோ வந்து கேள். ஆனால் வந்த அன்றே அவரை அழைத்துப் போய், எங்காவது ஓர் அறை பிடித்து, மகன் கையால் சாப்பிட வை.

நீ இறங்கும்போது படகுத்துறையில் நான் வந்து நிற்கலாமா, கூடாதா? அதை மட்டும் ஒரு வரி எழுது.

நண்பன் என்று எழுதக் கை வராத,
உன் பக்கத்து பெஞ்சுக்காரன்