செர்ரிச் சிவப்பு எந்தச் சிவப்பு

தம்பி,

நேற்று என் மகள் ஒரு சின்ன டப்பாவில் செர்ரிப் பழம் வாங்கி வந்தாள். திருப்பதியில் இப்போது எல்லாம் கிடைக்கிறது. கழுவித் தட்டில் கொட்டியதும், "இது அழுகிப்போச்சுடி" என்றேன். அவள் சிரித்தாள். "செர்ரின்னா இப்டித்தாம்மா இருக்கும்." கருஞ்சிவப்பு. இன்னும் கொஞ்சம் இருண்டால் நாவல் பழம். நான் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வந்தது அழுகையா கோபமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நகரியில் நம் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நீ இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் பக்கம் புதுக் கம்பெனி, பெங்களூர், புனே என்று உன்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். நீ மட்டும் அசையவில்லை. "நான் எங்கியும் போவலக்கா. இங்க இத்தினி தறி ஓடுது. ஒடையிற பார்ட்ட இங்கியே கடைஞ்சி குடுத்தா போறாதா?"

பட்டறைக்காரர்கள் யாரும் உன்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. திருப்பதி நடைபாதையில் நான் பொறுக்கி வந்த பழைய இங்கிலீஷ் புத்தகங்கள்தான் உனக்கு வாத்தியார். நீயோ தெலுங்கு மீடியம். நான் காலேஜ் முடிந்து ரயிலில் வந்து, முகம் கழுவின கையோடு கொட்டகையில் உட்காருவேன். இங்கிலீஷில் படித்து, தெலுங்கில் யோசித்து, தமிழில் சொல்வேன். நீ சாக்பீஸால் தரையில் படம் போட்டுக்கொள்வாய். முதல் போல்ட்டுக்கு நீ மரை வெட்டிய அன்று நைனாவும் அம்மாவும் மாற்றி மாற்றி நட்டைச் சுழற்றிப் பார்த்தார்கள். நைனா அதை மடியில் வைத்துக்கொண்டு டீக்கடைக்கே போய்விட்டார்.

அப்புறம்தான் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தது. தேய்ந்த அரத்தைத் தீட்டி வெட்டும் டூல் செய்யலாம், செர்ரிச் சிவப்பாகும் வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கவேண்டும் என்று போட்டிருந்தது. செர்ரியை நாம் எங்கே கண்டோம்?

"பேக்கரியில பன்னு மேல வப்பாங்கல்ல, அதான்க்கா" என்றாய். சைக்கிளை மிதித்துப் போய் வாங்கியும் வந்தாய். பன் மேல் பளீரென்ற சிவப்பில் ஒரு செர்ரி.

பட்டப்பகல் வெயில். உலைக்குப் பக்கத்தில் செங்கல் மேல் பன். நீ ஊத, நான் பன்னையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தேன். "இன்னும் வரலடா... இன்னும் கொஞ்சம்... ஆங், இப்ப எடு!" நைனா எட்டிப் பார்த்தார். "அந்தப் பன்ன துன்றதுக்கு வாங்கினீங்களா, அடுப்புக்குக் காட்றதுக்கு வாங்கினீங்களா?"

தண்ணீரில் முக்கியதும் டிக்கென்று ஒரு சத்தம். விரிசல். சிவப்பு போதவில்லை என்று நினைத்து அடுத்ததை இன்னும் பளபளவென்று காய்ச்சினோம். அதுவும் விரிந்தது. அடுத்த பக்கத்தில், முக்கியெடுத்தது தெறிக்காமலிருக்க வைக்கோல் நிறம் வரும்வரை மறுபடி லேசாகச் சூடு காட்டவேண்டும் என்று ஏதோ இருந்தது. வைக்கோல் நமக்குத் தெரியாததா? அந்தப் பக்கத்துக்குத்தான் நாம் போகவே இல்லை.

தறிக்காரர் ஒருவர் மாதிரிக்கென்று ஒரு தண்டு கடையக் கொடுத்திருந்தார். சரியாக வந்தால் அவர் ஷெட் வேலை முழுக்க உனக்கு. நாள் நெருங்கவே, இருந்ததில் நல்ல டூலாகப் பார்த்து மாட்டினாய். ஓடும்போதே முனை தெறித்து, தண்டில் பள்ளம் விழுந்தது. அவர் தண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். "எனுக்குக் கை வராதுக்கா" என்றாய். அந்த மாதமே புனேவுக்கு ரயில் ஏறினாய். அங்கேயே வேலை, வீடு, பிள்ளைகள். போன வருடம் நெஞ்சுவலி என்று போன் வந்து, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இன்று காலை உன் மனைவி செல்விக்குப் போன் போட்டேன். அங்கே செர்ரி கிடைக்குமா என்று கேட்டேன்.

"கெடைக்காம இன்னா அண்ணி? வெயில் காலம் வந்தா அவரே வாங்கிக்கினு வருவாரு. ஊருக்கு வரசொல்ல எடுத்துக்கினு போலாமான்னா மட்டும் வாணாம்பாரு. அக்கா கண்ணுல இது படக்கூடாதும்பாரு. இன்னாத்துக்குன்னா சிரிச்சிக்குவாரு."

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது, பேக்கரியின் சாயச் சிவப்பைப் பார்த்து நாம் இரும்பை அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டோம் என்று. பொங்கலுக்கும் பிள்ளைகளின் வெயில்கால லீவுக்கும் வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுப் போனாயே, ஒரு வார்த்தை சொன்னாயா? நான் மனம் உடைந்துபோவேன் என்று மறைத்தாயா? பேக்கரி யோசனை உன்னுடையது என்ற வெட்கமா? இல்லை, உனக்கும் உள்ளூரக் கிளம்பும் ஆசை இருந்து, தெறித்த முனை வசதியாகப் போய்விட்டதா? ஒன்றை நம்ப உட்கார்ந்தால் இன்னொன்று வந்து கலைக்கிறது. உன் பிள்ளைகளை நினைத்தால் அந்த டூல் உடைந்ததே நல்லது என்று படுகிறது. தறிக்காரர் போன திசையையே பார்த்துக்கொண்டு நீ நின்றதை நினைத்தால் அது உடைந்திருக்கவே கூடாது என்று படுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு நாள் சண்டை போட்டு, மறுநாள் சிரித்திருப்போமே.

நீ சொன்னதை இத்தனை காலமும் அப்படியே நம்பினேன். அவனுக்குக் கை வரவில்லை, பாவம் என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் கை நல்ல கைதான்டா. அதைச் சொல்லலாம் என்று பார்த்தால் நீ இல்லை.