நீங்கள் வாயால் சொல்லாத தீவு

சம்பந்தி,

உங்கள் கைப்பையை மாலதி வெள்ளிக்கிழமை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். நீங்களே பார்த்து எடுத்து வையுங்கள், எனக்கு மனசு வரவில்லை என்றாள். அதே பழுப்புப் பை. ஜிப் பாதிக்கு மேல் மூடாது. திறப்பதற்கு முன்பே தைல வாசனை வந்துவிட்டது. ஜிப்புக்கு வெளியே ஒரு தாள் அரை விரல் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். தெற்குத் தீவுகளுக்குப் படகு போகும் நேரம் அச்சடித்த தாள். அதில் ஒரு தீவின் பேரை மட்டும் நீல மையால் அடி அடியென்று அடித்து, மேலே தமிழில் ‘ஆமை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் போய் ஐம்பது நாள் ஆகப் போகிறது. காரியத்தன்றுகூட எனக்கு வாய்விட்டு அழுகை வரவில்லை. அந்த மைக் கிறுக்கலைப் பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு மற்றது வந்தது.

என் மகள் மாலதியை உங்கள் மகன் பிரபாவுக்குக் கொடுத்த நாள் முதல் உங்களை நான் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். இதை உயிரோடு இருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் இப்போது புதிதாக வருத்தப்பட மாட்டீர்கள். நான் எட்டாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, கல்யாணமாகிக் கடல் தாண்டி இங்கே வந்தவள். நீங்கள் இந்த ஊரிலேயே பிறந்து, சீனம் மலாய் எல்லாம் பேசுகிறவர். சிரித்துக்கொண்டே பேசுகிறவர்களை நம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பாடம். நீங்களோ எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

நம் இருவரையும் ஒன்றாகச் சுற்ற விட்டது மாலதிதான். நான் பாசிர் ரிஸ், நீங்கள் புக்கிட் பாஞ்சாங். ஒருவர் கிழக்குக் கோடி, மற்றவர் வடமேற்குக் கோடி. மாதம் ஒருநாள் எங்கேயாவது சேர்ந்து போய்விட்டு வாருங்கள், வீட்டிலேயே கிடக்காதீர்கள் என்றாள். அம்மாவும் மாமியாரும் சிநேகமாக இருந்தால் தனக்கு நிம்மதி என்று கணக்குப் போட்டிருப்பாள். எனக்கு அதிலும் சந்தேகம். என் வாயிலிருந்து எதையோ பிடுங்க நீங்கள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று நினைத்தேன்.

எங்கே போவது என்று முடிவு செய்வது தேக்காக் கடைத்தெருவில்தான். நான் பூகிஸில் ரயில் மாறி வருவேன், நீங்கள் ஒரே ரயிலில் வந்து இறங்குவீர்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, சந்துக்குள் இருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம். உங்கள் பையிலிருந்து துண்டுத்தாள்கள் வரும். சுற்றுலா வந்தவர்களுக்கென்று ஹோட்டல் வாசலில் வைத்திருப்பதை எல்லாம் நீங்கள்தான் எடுத்து வந்துவிடுவீர்களே. ஜொகூர் ஒருநாள், பாத்தாம் ஒருநாள், பறவைகள், பூந்தோட்டம், தீவு. சீட்டுக்கட்டு மாதிரி அஞ்சாறைப் பரப்பி வைத்துவிட்டு, “நீங்களே எடுங்க சம்பந்தி, உங்க இஷ்டம்தான் லா” என்பீர்கள்.

அதில் ஒரு தாள் மட்டும் மற்றவற்றைவிட அரை விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என் கை தானாக அதற்குத்தான் போகும். ஆறேழு மாதம் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது. அதன் பிறகு வேண்டுமென்றே அடியில் இருப்பதை உருவினேன். நீங்கள் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டே சிரித்தீர்கள். அடியில் இருந்ததுதான் உங்களுக்கு வேண்டியதோ என்று அன்று முழுக்கக் குழம்பிப்போனேன்.

பாத்தாம் தாளை நான் தொடவே மாட்டேன். இலவசமாகச் சாப்பாடு போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறவன் கடைசியில் ஏதாவது ஒரு கடைக்குள் கொண்டுபோய்விட்டுக் கதவைச் சாத்துவான் என்பேன். ஜொகூர் போனபோது கண்ணாடிக் கோயில் வரைக்கும் பஸ்காரர் சரியான வழியில்தான் போகிறாரா என்று நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீங்கள் நன்றாகத் தூங்கினீர்கள். “இந்த ஊரச் சுத்தி எங்க பாத்தாலும் கடலு. எவன் உங்கள எங்க கடத்திட்டுப் போவான்” என்று கேட்டீர்கள். புலாவ் உபின் தீவில் காட்டுப் பன்றி என் தயிர்சாதப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, பன்றியைக்கூட நீங்கள் ஏவிவிட்டிருப்பீர்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அன்று செவ்வாய்க்கிழமை, எனக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. உங்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி தந்தீர்கள். வெங்காயம் இல்லாமல் கட்டி வந்திருந்தீர்கள். எனக்காகத்தான் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது, இவர் வீட்டில் வெங்காயம் தீர்ந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆயிற்று. மாலதிக்குக் குழந்தை இல்லை. நான் வேண்டாத தெய்வமில்லை. நீங்கள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் என்னைத் தின்றது. பேசாத மாமியார் மனசுக்குள் வேறு ஏற்பாடு செய்கிறாள் என்றுதானே அர்த்தம். இந்த நேரம் பார்த்து, தேக்காவில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, உங்கள் சம்பந்தி போன வாரம் ஜோசியக்காரர் முன்னால் ஜாதகத்தோடு உட்கார்ந்திருந்தாரே, யாருக்கு என்று கேட்டார். எனக்கு மல்லிகைச்சரம் கையில் கனத்தது.

அந்த மாதம் நீங்கள் வரவில்லை. முழங்கால் வலி என்று போனில் சொன்னீர்கள். மறுநாள் மாலதி பேச்சோடு பேச்சாக, அத்தை காலையிலேயே தனியாகக் கிளம்பிப்போய்ச் சாயங்காலம்தான் வந்தார், முகமெல்லாம் வெயில் என்றாள். அடுத்த முறை பார்த்தபோது எங்கே போனீர்கள் என்று நேராகக் கேட்டேன்.

“ஆமைத் தீவுக்கு” என்றீர்கள்.

“அது எங்க இருக்கு? இத்தனை வருஷத்துல நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

“தெக்கால. மரினா சவுத்துல படகு ஏறணும்.” சொல்லிவிட்டுத் தாள்களை அள்ளிப் பைக்குள் போட்டீர்கள். அன்றைக்கு எதையும் பரப்பவே இல்லை.

நான் விடுவேனா. மறுநாளே ரயிலேறி அந்தப் படகுத்துறைக்குப் போய்விட்டேன். அங்கே தொங்கிய பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். செயின்ட் ஜான்ஸ் இருந்தது. லாசரஸ் இருந்தது. டர்ட்டில் இல்லை, டார்ட்டாய்ஸும் இல்லை. இன்னொன்று இருந்தது. கே, யூ, எஸ், யூ. கூட்டிப் பார்த்ததும் பகீரென்றது. நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறேன், அரசாங்கப் பலகையில் இப்படியா எழுதி வைப்பார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தரை கூட்டிக்கொண்டிருந்த சீனப் பெரியவரிடம், டர்ட்டில், டர்ட்டில் என்று கேட்டேன். அவர் பாவம், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கடலுக்குள் கையைக் காட்டினார்.

அப்படி ஒரு தீவே இல்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. தீவு இல்லையென்றால் நீங்கள் போனது ஏதோ வீட்டுக்கு. கையில் ஜாதகம். அந்த வீட்டில் ஒரு பெண் இருப்பாள். வரும் வழியெல்லாம் ரயிலில் அந்தப் பெண்ணுக்கு முகம்கூட வைத்துவிட்டேன். மாலதியைவிடச் சிவப்பு.

அடுத்த சந்திப்பில் நான் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே கேட்டேன். “இல்லாத தீவுக்குப் போய் யாரப் பாத்துட்டு வந்தீங்க சம்பந்தி? என் பொண்ண அனுப்புறதா இருந்தா எங்கிட்ட நேராச் சொல்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்.”

உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். டம்ளரைக் கீழே வைத்தீர்கள். ஜோசியக்காரரிடம் காட்டியது மாலதி ஜாதகம், வேறு எவள் ஜாதகமும் என் பைக்குள் வந்ததில்லை என்று மெதுவாகச் சொன்னீர்கள். நான் படகுத்துறைப் பலகையைப் பற்றிச் சொன்னேன். அங்கே என்னென்ன பேர் இருந்தது என்று கேட்டீர்கள். செயின்ட் ஜான்ஸ் என்றேன், லாசரஸ் என்றேன், நிறுத்திக்கொண்டேன்.

“மூணாவது?”

“அது ஏதோ கெட்ட வார்த்தை.”

அவ்வளவுதான். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினீர்கள். கடைக்காரத் தம்பி, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று ஓடி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதான் லா ஆமைத் தீவு. சீனத்துல அப்படின்னா ஆமை. விரதமும் விபூதியுமா இருக்கற உங்ககிட்ட அந்தப் பேர எப்படி லா சொல்லுவேன்” என்றீர்கள். உங்கள் பையிலிருந்த தாளிலும் எனக்குத் தெரியக் கூடாதென்றுதான் பேரை அடித்து வைத்திருந்தீர்களாம்.

நான் சிரித்தேன். ஆனால் விடவில்லை. பேர் புரிந்தது, போன காரணம் புரியவில்லையே. அடுத்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

கீழே சீனக் கோயில், தொட்டியில் நூற்றுக்கணக்கில் ஆமைகள். குன்றின் மேல் தர்கா. மூழ்கப்போன ரெண்டு பேரை, ஒருவர் சீனர் ஒருவர் மலாய்க்காரர், ஒரு ஆமை தீவாக மாறித் தாங்கிக்கொண்டதாம். மேலே பிள்ளைவரம் கேட்டுத் துணி கட்டுகிறவர்களைப் படி ஏறும்போதே பார்த்தேன். மூச்சு வாங்க நடுப்படியில் உட்கார்ந்தோம். பேரன் கேட்டு வந்தீர்களா, அதை என்னிடம் சொன்னால் நானும் வந்திருப்பேனே, நாகூருக்குப் போகாதவளா நான் என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னீர்கள்.

“பேரன் கேக்கல சம்பந்தி. எங்க ஆளுங்க வாய் சும்மா இருக்காது. அதக் கேட்டுக் கேட்டு, மாலதி ஒருநாள் பையத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துடுவாளோன்னு எனக்குப் பயம். அவ எங்கள விட்டுப் போயிடக் கூடாதுன்னு கேட்டேன்.”

நீங்கள் துரத்திவிடுவீர்கள் என்று நான் இந்தக் கோடியில் பயந்துகொண்டிருந்தேன். அவள் போய்விடுவாள் என்று நீங்கள் அந்தக் கோடியில் பயந்திருக்கிறீர்கள். அன்றைக்கு அதை நான் பாதிதான் நம்பினேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பேசத் தெரிந்தவர் நீங்கள். மேலே போய் நானும் ஒரு மஞ்சள் துணி கட்டினேன். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று திரும்பும் படகில் கேட்டுக்கேட்டுப் பார்த்தீர்கள், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இந்தம்மா சொன்னது நிஜமாக இருக்க வேண்டும், அதுதான் நான் கேட்டது.

குழந்தை வரவில்லை. நாம் அதன் பிறகு எத்தனையோ இடத்துக்குப் போனோம், நீங்கள் தாள் பரப்பினீர்கள், நான் சந்தேகப்பட்டேன். கடைசி எட்டு மாதம் நீங்கள் படுக்கையில் கிடந்தபோது மாலதி உங்களுக்குத் தலை வாரிவிடுவதை வந்து வந்து பார்த்தேன். நீங்கள் போன பிறகு என் பழைய புத்தி மறுபடி கிளம்பியது. நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் ஆட்கள் அவளைச் சும்மா விடுவார்களா. பதினாறு முடிந்ததும், கொஞ்ச நாள் பாசிர் ரிஸ்ஸுக்கு வந்து இரு என்றேன்.

“அத்தை ரூம் ஜன்னல்ல துணி காயுதும்மா” என்றாள். “மழை வந்தா யாரு எடுக்கறது?”

நீங்கள் கேட்டது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. நான் கேட்டதும்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் மாலதி பேரை வாயால் சொல்லாமல் கைப்பேசியில் காட்டப் பார்த்தாள். நான் தள்ளு என்று முன்னால் போய், “குசு, ரெண்டு பேர்” என்றேன். நன்றாக, வாய் நிறைய. எங்களுக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் வரிசையில் நின்றது. கணவனும் மனைவியும் முகத்தை வேறு வேறு பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள். ஆமை என்று அர்த்தம், போய்ப் பாருங்கள், நல்ல இடம் என்று சொன்னேன். மாலதி முதல்முறையாக, நீங்கள் போன பிறகு முதல்முறையாக, சத்தமாகச் சிரித்தாள். உங்கள் சிரிப்பு அவளுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

படகில் அந்தத் தாளை அவளிடம் காட்டினேன். ஜிப் சரியாக மூடாதும்மா, தாள் தானாக வெளியே வந்திருக்கும் என்கிறாள். ஆறு தாளைப் பரப்பி வைத்து, எனக்கு வேண்டியதை மட்டும் அரை விரல் நீட்டி வைக்கிற உங்களை அவளுக்கு என்ன தெரியும்.

நான் நம்பவில்லை.